ஸ்கோர் பொய் சொல்லாது என்பவர்களுக்கு

நான் ஆய்வு மாணவனாக இருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. அங்கே வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை பார்த்தேன். பெரிய வேலையெல்லாம் இல்லை. பயிற்சித் திடலில் ஆட்கள் அடித்துத் தள்ளும் பந்துகளை, கூண்டு வைத்த ஒரு சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பொறுக்க வேண்டும். கழுவ வேண்டும். மறுபடியும் கூடைகளில் நிரப்ப வேண்டும். வண்டி போகும்போது சில பையன்கள் அதையே குறிபார்த்து அடிப்பார்கள். கூண்டில் டணாரென்று விழும். முதல் வாரம் பயமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. கோல்ஃப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது, மீதி அந்தக் கோபத்தில் தேடிப் படித்தது.

வார இறுதிகளில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் மகனோடு வருவார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மென்பொருள் வேலை, நல்ல மனிதர். நான் தமிழ் என்று தெரிந்ததும் தெர்மாஸில் காபி கொண்டுவர ஆரம்பித்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பையன் பதினோராம் வகுப்பு. கல்லூரி அணியில் அவனைச் சேர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஐந்து வருடத் திட்டம். ஒருநாள் சொன்னார்: "தம்பி, மத்த ஆட்டத்துல எல்லாம் கோச்சுக்குப் புடிச்சவனைத்தான் எறக்குவாங்க. உயரம் பாப்பாங்க, கலர் பாப்பாங்க. இதுல அந்த வேலையே இல்ல. எழுபது அடிச்சா எழுபது. ஸ்கோர் பொய் சொல்லாது."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை வாபஸ் வாங்குவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆட்டத்தில் ஆள் எடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் சுமார் 300 ஆண்கள் கோல்ஃப் அணிகள் இருக்கின்றன. ஒரு போட்டிக்கு ஓர் அணியிலிருந்து ஐந்து பேர் போவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து ஸ்கோர்களில் மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு நான்கைக் கூட்டுவார்கள். தேசியப் போட்டியில் 30 அணிகள் நுழையும், கடைசியில் எட்டு அணிகள் நேருக்கு நேர் மோதும். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றால் அணிக்கு வெற்றி. ஆகவே எந்தப் பயிற்சியாளருக்கும் ஒரு மேதை மட்டும் போதாது. நாலாவது, ஐந்தாவது ஆள் எழுபத்தெட்டு அடித்துக் கவிழ்க்காமல் இருக்க வேண்டும். அந்த நாலாவது ஆளைத் தேடித்தான் அவர் கோடை முழுக்கப் பள்ளி மாணவர் போட்டிகளுக்கு அலைகிறார்.

அலைகிற காட்சி விசித்திரமானது. மாணவன் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஜூன் 15 வரைக்கும் பயிற்சியாளர் அவனோடு அணியில் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று 2019-இலிருந்து விதி. அதற்கு முன்னால் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே வாய்மொழி ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேசத்தான் கூடாதே தவிர, பார்க்கலாம். அதனால் ஒரு ஐந்தாறு பேர், மார்பில் கல்லூரிச் சின்னம் பொறித்த சட்டையும் அதே சின்னம் போட்ட தொப்பியுமாக, பதினைந்து வயதுப் பையன் அடிப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சட்டை பேசும். பையனுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், சட்டைக்காரருக்கும் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவது மாதிரி.

பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. ஒரு குழியில் இரண்டு அடி கூடுதலாகப் போனபிறகு பையன் கோலைப் பையில் எப்படிச் செருகுகிறான், அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான், அடுத்த குழிக்கு நடக்கும்போது தோள் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்கிறார்கள். இதில் உண்மையான திறமை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கண்களுக்கு மரியாதை கொடுக்கிறேன். என் கேள்வி வேறு: அந்த வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பையன் அங்கே எப்படி வந்தான்?

போட்டி என்றால் எந்தப் போட்டியும் அல்ல. பள்ளி அணிக்கு ஆடி வாங்கிய கோப்பையைப் பெரிய பயிற்சியாளர்கள் மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். தேசிய அளவில் எடை போடப்படுவது அமெரிக்கன் ஜூனியர் கோல்ஃப் அசோசியேஷன் என்கிற, 1978-இல் தொடங்கப்பட்ட அமைப்பின் போட்டிகளும் அது மாதிரி சிலவும்தான். அதில் ஆட இடம் கிடைக்க முதலில் வேறு போட்டிகளில் நன்றாக ஆடி ஸ்டார் சேர்க்க வேண்டும். ஸ்டார் இருந்தால்தான் பெரிய போட்டி, பெரிய போட்டி ஆடினால்தான் இன்னும் ஸ்டார். சேர்க்கத் தொடங்குவதற்கு ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதிலேயே கோடை முழுக்கப் பயணம் போக வேண்டும். நுழைவுக் கட்டணம், விமானம், மூன்று இரவு ஹோட்டல், வாடகைக் கார், கூடப் போக விடுப்பு எடுக்கக்கூடிய பெற்றோரில் ஒருவர். இது ஒரு போட்டிக்கு. ஊரில் இருக்கும்போது பயிற்சி எடுக்க கிளப் உறுப்பினர் கட்டணம், ஸ்விங் கோச், புட்டிங்குக்குத் தனியாக இன்னொருவர். பந்தின் வேகம், சுழற்சி, கோணத்தை அளக்கும் டிராக்மேன் கருவி 20,000 டாலருக்கு மேல் வரும். அதைக் கோச் வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கட்டணத்தில் ஏற்றிவிடுவார். கை நிறையப் பணம் இருப்பவர்கள் இதையெல்லாம் ஒரே கூரையின் கீழ் முடித்துக்கொள்ள, ஃப்ளோரிடாவின் பிராடென்டனில் இருக்கும் ஐ.எம்.ஜி. அகாடமி போன்ற உறைவிடப் பள்ளிகளுக்குப் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள்.

அண்ணன் ஒருநாள் தன் மகனுக்கு ஆகும் ஒரு வருடச் செலவை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பெருமைக்காகச் சொல்லவில்லை, புலம்பலாகத்தான். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த வருடாந்தர உதவித்தொகையைவிட அதிகம். அவர் அமெரிக்காவில் இரட்டைச் சம்பளக் குடும்பம். அவருக்கே மூச்சு வாங்கியது.

ஸ்கோர் பொய் சொல்லாதுதான். 70 என்பது 70. ஆனால் அந்தப் பலகையில் யாருடைய பெயர்கள் ஏறின என்று பாருங்கள். முதலில் பணத்தால் வடிகட்டி, மிஞ்சிய சில நூறு பேருக்குள் மிக நேர்மையாகப் போட்டி வைக்கிறார்கள். உள்ளே நடக்கும் நேர்மையைக் காட்டி வாசலைப் பற்றிப் பேசவிடாமல் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் இந்த வித்தை புதிதில்லை. நீட் தேர்வின் மதிப்பெண்ணும் பொய் சொல்லாது. இரண்டு வருடம் கோச்சிங் போனவனுக்கும் அரசுப் பள்ளியில் கடைசி மணி அடித்ததும் அப்பாவின் கடைக்கு ஓடியவனுக்கும் ஒரே கேள்வித்தாள்தான். அந்த ஒரே கேள்வித்தாளில் ஒரு அநியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டதால்தான் 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. கோல்ஃபில் அந்தப் பேச்சை எடுத்தாலே அண்ணன் மாதிரி நல்லவர்கள்கூட முகம் சுளிக்கிறார்கள்.

'ஸ்காலர்ஷிப் கிடைக்குமே, அதுதானே ஏழைக்கு வழி' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் நம் மனதில் வருவது கால்பந்து, அதாவது அவர்களுடைய கால்பந்து: 85 முழு உதவித்தொகை. ஆண்கள் கூடைப்பந்துக்கு 13. ஆண்கள் கோல்ஃப் அணிக்கு 2024-25 கல்வியாண்டு வரை எவ்வளவு தெரியுமா? நாலரை. ஒரு அணிக்கு, நாலு வருடத்து மாணவர்களுக்கும் சேர்த்து, நாலரை. பயிற்சியாளர் அந்த நாலரையை எட்டு, ஒன்பது பேருக்குக் கத்தரித்துக் கொடுப்பார். ஒருவனுக்குப் பாதி, ஒருவனுக்குக் கால், ஒருவனுக்குப் புத்தகச் செலவு, ஒருவனுக்கு ஒரு சட்டையும் ஒரு பையும். பெண்கள் அணிக்கு ஆறு இருந்தது. இதைச் சொன்னால் உடனே சிலர் பெண்களைக் காரணம் காட்டுவார்கள். 1972-இல் வந்த பாலினச் சமத்துவச் சட்டத்தால் ஆண்கள் கோல்ஃப் அடிபட்டது என்பார்கள். அடித்தது அந்த 85. சமமாகப் பங்கிடு என்று சட்டம் சொன்னபோது ஆண்கள் பக்கத்துப் பானையில் கால்பந்து கை போட்டு அள்ளிக்கொண்டது. மிச்சத்தைக் கோல்ஃபும் டென்னிஸும் நீச்சலும் வழித்துக்கொண்டன.

பாதி ஸ்காலர்ஷிப்பில் யார் சேர முடியும்? மீதிப் பாதியைக் கட்டக்கூடியவன். இங்கேதான் கணக்கு மறுபடியும் அப்பாவின் பாக்கெட்டுக்குள் போகிறது. ஒரே மாதிரி ஆடும் இரண்டு பையன்கள். ஒருவனுக்குக் கால் பங்கு கொடுத்தால் போதும், இன்னொருவனுக்கு முழுசும் கொடுத்தால்தான் வர முடியும். நாலரையை வைத்துக்கொண்டு அணி கட்டுகிற பயிற்சியாளர் யாரை எடுப்பார்? அவர் கெட்டவராக இருக்கத் தேவையே இல்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தவராக இருந்தால் போதும்.

இந்த ஆட்டத்தின் பூர்வீகம் தெரிந்தால் ஆச்சரியம் குறையும். முதல் கல்லூரி கோல்ஃப் சாம்பியன்ஷிப் 1897-இல் நடந்தது, வென்றது யேல். என்.சி.ஏ.ஏ. அதைக் கையில் எடுத்தது 1939-இல்தான். யேல் மொத்தம் 21 தேசியப் பட்டங்கள் வைத்திருக்கிறது. கடைசிப் பட்டம் 1943-இல். அதற்குப் பிறகு ஆட்டம் தெற்கே, வருடம் முழுக்க வெயில் அடிக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு நகர்ந்தது. ஹூஸ்டன் 16 பட்டங்கள் வாங்கியது. ஓக்லஹோமா ஸ்டேட் தனக்கென்று கார்ஸ்டன் கிரீக் என்ற மைதானத்தையே கட்டிக்கொண்டது. 2025-இல் வர்ஜீனியாவை வென்று பட்டம் வாங்கியதும் அவர்கள்தான். பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு ஜனநாயகமாகிவிட்டது என்று இதைச் சொல்வார்கள். ஊர் மாறியது உண்மை. வீடு மாறியதா என்பதுதான் என் சந்தேகம்.

ஏனென்றால் நடுவில் ஒரு வாசல் திறந்துதான் இருந்தது. அது கேடிகளின் வாசல். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக 1931 முதல் 1963 வரை இருந்த ஹார்வி பெனிக், எட்டு வயதில் ஆஸ்டின் கன்ட்ரி கிளப்பில் பை தூக்கத் தொடங்கியவர். பென் கிரென்ஷாவும் டாம் கைட்டும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். டல்லாஸில் வளர்ந்த லீ டிரெவினோவின் தாத்தா கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர். பையன் பள்ளியை விட்டுவிட்டு மைதானங்களில் வேலை பார்த்தான், பை தூக்கினான், ஆறு மேஜர் பட்டங்கள் வென்றான். பை தூக்குகிறவனுக்கு மைதானம் இலவசமாகத் தெரிந்துபோகும். யார் எப்படி அடிக்கிறார்கள், காற்று எந்த மேட்டில் திரும்பும், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது எல்லாம். கூலியும் கிடைக்கும். அப்புறம் மோட்டார் வண்டி வந்தது. கிளப்புகளுக்கு வண்டி வாடகையில் லாபம். கேடிகள் போனார்கள், அவர்களோடு அந்த வாசலும் போனது. இன்றைக்கு அந்த இடத்தில் கூண்டு வண்டிக்குள் நான் உட்கார்ந்திருந்தேன், என்னை யாரும் கோலைத் தொட்டுப் பார் என்றுகூடச் சொன்னதில்லை. (சொல்லியிருந்தால் நான் டிரெவினோ ஆகியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை. பந்தைப் பொறுக்கவே நேரம் போதவில்லை.)

இந்த இடத்தில் சிக் எவன்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிகாகோக்காரர், கேடியாக இருந்து வந்தவர். 1916-இல் யு.எஸ். ஓப்பனையும் யு.எஸ். அமெச்சூரையும் ஒரே வருடத்தில் வென்றார். அமெச்சூராகவே இருந்துவிட்டதால் தன் பெயரால் வந்த பணத்தைத் தொட முடியவில்லை. அம்மாவின் யோசனைப்படி அது கேடிகளின் படிப்புக்கான நிதியானது. 1930-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு கேடிகள் சேர்ந்தார்கள். அது இன்றைக்கும் நடக்கிறது, 10,000 பேருக்கு மேல் படித்து முடித்திருக்கிறார்கள். முழுக் கல்விக் கட்டணம், தங்குமிடம். தேர்ந்தெடுப்பது எதை வைத்து? மைதானத்தில் பை தூக்கிய வேலை, படிப்பு, நடத்தை, அப்புறம் வீட்டின் பணத்தேவை. கவனியுங்கள், கோல்ஃப் உலகத்தில் ஏழைப் பிள்ளைக்கு முழு ஸ்காலர்ஷிப் வேண்டுமென்றால் பந்தை அடிப்பதைவிடப் பையைத் தூக்குவது உறுதியான வழி. இதைவிடப் பச்சையாக இந்த ஆட்டம் தன்னைப் பற்றி வேறு எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். 1997-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் டீ இருக்கிறது, ஐந்து டாலருக்குள் பிள்ளைகளை ஆடவிடும் யூத் ஆன் கோர்ஸ் இருக்கிறது. ஜூனியர் அமைப்பே வசதியில்லாத பிள்ளைகளின் பயணச் செலவைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு நிதியை வைத்திருக்கிறது. கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கறி 2019-இல் பணம் கொடுக்க முன்வந்ததால்தான் கறுப்பின மாணவர்களின் வரலாற்றுப் பல்கலைக்கழகமான ஹோவர்டில் முதல் பிரிவு கோல்ஃப் அணி வந்தது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் பாருங்கள், தலைநகரிலேயே இருக்கும் அவ்வளவு பெயர் பெற்ற பல்கலைக்கழகத்துக்கு அணி கிடைக்க வேறொரு விளையாட்டின் வீரர் தன் பையிலிருந்து எடுத்துப் போட வேண்டியிருந்தது. கோல்ஃப் வெள்ளையர்களுக்கு மட்டும் என்ற விதியை அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் சங்கம் நீக்கியதே 1961-இல்தான். ரிக்கி ஃபௌலர் ஊரில் இருந்த ஒரு சாதாரணப் பயிற்சித் திடலில் அடித்துப் பழகி ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு வரவில்லையா என்றும் கேட்பார்கள். வந்தார். ஒருவர் வந்ததை வைத்து வழி இருக்கிறது என்பது, ஒருவர் நீந்திக் கரையேறியதை வைத்துப் பாலம் இருக்கிறது என்பதைப் போல.

வெளிநாட்டுப் பையன்களைக் காட்டுவதுதான் எனக்குப் பிடித்த எதிர்வாதம், ஏனென்றால் அது என் பக்கம் சாய்கிறது. ஸ்வீடனின் லுட்விக் ஓபெரி டெக்சாஸ் டெக் அணிக்கு ஆடினார். 2023-இல் கல்லூரி தரவரிசையில் முதலிடம் பிடித்து, அந்த வழியாக நேரடியாகப் பி.ஜி.ஏ. டூருக்குள் போன முதல் ஆள் ஆனார். நாலு மாதத்துக்குள் ரைடர் கோப்பையில் ஐரோப்பாவுக்கு ஆடினார். அவர் படித்தது ஸ்வீடனில் கோல்ஃபுக்குச் சிறப்புப் பயிற்சி தரும் ஓர் உயர்நிலைப் பள்ளியில். அங்கே உயர்நிலைப் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. வாசலில் பணம் கேட்காத ஒரு நாடு வளர்த்துக் கொடுத்த பையனை, வாசலில் பணம் கேட்கும் நாடு ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூட்டிப்போகிறது. சொந்த ஊரில் அதே காரியத்தைச் செய்ய மட்டும் மனசு வருவதில்லை.

அடுத்தது 'வளரும் நட்சத்திரம்' என்கிற சொல். புது மாணவர்கள் சேரும்போது எல்லாக் கல்லூரிகளும் ஓர் அறிவிப்பு விடும். அகாடமியின் பெயர், மாநிலத் தரவரிசை, எந்தப் போட்டியில் எத்தனையாவது இடம் எல்லாம் இருக்கும். வீடு எவ்வளவு செலவழித்தது என்ற வரி மட்டும் இருக்காது. நட்சத்திரம் தானாக வளர்ந்த மாதிரியே எழுதுவார்கள். வளர்ந்த பிறகாவது அது யாருடையது? அலபாமா பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டு மாணவன் நிக் டன்லாப் 2024 ஜனவரியில் தொழில்முறை வீரர்களோடு ஆடி தி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பட்டத்தை வென்றான். 1991-இல் ஃபில் மிக்கல்சன் செய்ததற்குப் பிறகு ஓர் அமெச்சூர் செய்தது அதுதான் முதல் முறை. முதல் பரிசு 15 லட்சம் டாலருக்கு மேல். அமெச்சூர் என்பதால் ஒரு டாலர்கூட அவனுக்கு இல்லை. இரண்டாவதாக வந்தவர் வாங்கிக்கொண்டு போனார். 2021-இலிருந்து கல்லூரி வீரன் தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம். ஸ்கோரை விற்கக் கூடாது. ஸ்கோர் அவ்வளவு புனிதம்! ஒரு வாரத்துக்குள் டன்லாப் கல்லூரியை விட்டுத் தொழில்முறைக்குப் போய்விட்டான், அவனை நான் குறை சொல்லமாட்டேன். பி.ஜி.ஏ. டூரே இப்போது கல்லூரிகளின் உள்ளே தரவரிசை வைத்து இறுதியாண்டில் முதலிடம் வருபவனை எடுத்துக்கொள்கிறது. ஆக, பயிற்சியாளருக்கு நாலு வருடம் ஒருவனை வளர்க்கும் பொறுமை எதற்கு? வேறு கல்லூரியில் ஏற்கெனவே வளர்ந்த இருபத்தோரு வயதுக்காரனை மாறுதல் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டால் ஆயிற்று. பதினேழு வயதில் மெதுவாக மலர்கிறவனுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச அவகாசமும் போயிற்று.

நான் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. எங்கள் பல்கலைக்கழக அணியில் உதவித்தொகை இல்லாமல், தானாக வந்து முயன்று சேர்ந்த பையன் ஒருவன் இருந்தான். அம்மா பள்ளி ஆசிரியை. நகராட்சி மைதானத்தில் ஆடி வளர்ந்தவன். மாலை ஏழு மணிக்கு எல்லோரும் போன பிறகும் நிற்பான், நான் கடைசிச் சுற்று வண்டி ஓட்டும்போது மட்டும் கோலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பான். கூண்டைக் குறிபார்க்காத ஒரே ஆள். அணிக்குள் யார் அந்த ஐந்து பேர் என்று முடிவு செய்ய அவர்களுக்குள்ளேயே தகுதிச் சுற்று நடக்கும். மூன்றாம் வருடம் அதில் உதவித்தொகை வாங்கும் இரண்டு பேரைத் தாண்டி ஐந்தாம் இடத்தைப் பிடித்து ஒரு போட்டிக்குப் போனான். கடைசிச் சுற்றில் 73. அணிக்கு அந்த 73 கணக்கில் சேர்ந்தது. திரும்பி வந்து என்னிடம் சொன்னான், நான் கூடையை நிறுத்திக் கைகுலுக்கினேன். ஸ்கோர் பொய் சொல்லாது என்று நான் நம்பிய கடைசி நாள் அது.

2025 ஜூன் 6 அன்று ஒரு நீதிமன்றத் தீர்வு வந்தது. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. பெரும்பகுதி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை, கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான். உதவித்தொகை எண்ணிக்கைக்கான வரம்பு எடுக்கப்பட்டது. நாலரை ஒழிந்தது என்று கோல்ஃப்காரர்கள் மகிழ்ந்தார்கள். அதற்குப் பதில் அணிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வந்தது. ஆண்கள் கோல்ஃபுக்கு ஒன்பது. ஒன்பது பேருக்கும் முழு உதவித்தொகை கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பணமுள்ள கல்லூரி கொடுக்கும். எல்லாக் கல்லூரியும் செய்யக்கூடிய ஒரே காரியம் பத்தாவது ஆளை வெளியே அனுப்புவது. இதனால் இடம் இழக்கும் மாணவர்களுக்கு விதிவிலக்கு வேண்டும் என்று நீதிபதி ஏப்ரலிலேயே கையெழுத்திட மறுத்து நிறுத்தினார். விதிவிலக்கு வந்தது, ஆனால் அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதைக் கல்லூரிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

எங்கள் பையன் பத்தாவது ஆள். தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே, மே மாதம் பயிற்சியாளர் அறைக்குக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினார். மாறுதல் பட்டியலிலிருந்து ஒருவர் வருகிறார், எண்ணிக்கை ஒன்பது, மன்னித்துக்கொள். கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டதாகச் சொன்னான், நடுங்கியதால். அந்த 73-ஐப் பற்றி ஏதாவது பேச்சு வந்ததா என்று கேட்டேன். இல்லையாம்.

அணிக்குள் நடந்த தகுதிச் சுற்றில் மட்டும்தான் அவன் ஆட்டத்தை வைத்து அவனை எடைபோட்டார்கள். அதற்கு முன்னால் பணம், அதற்குப் பின்னால் எண்ணிக்கை. இதை வைத்துக்கொண்டுதான் இது ஒன்றே சுத்தமான ஆட்டம் என்று என்னிடம் சொல்கிறார்கள்.

நம்மவர்கள் இப்போது கூட்டம் கூட்டமாக இந்த வரிசையில் வந்து நிற்பதற்குக் காரணம் ஸ்காலர்ஷிப் இல்லை என்பதையும் உடைத்துச் சொல்லிவிட வேண்டும். ஹார்வர்டு வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, பயிற்சியாளர் கேட்ட விளையாட்டு மாணவர்களில் 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்ற விண்ணப்பதாரர்களில் பத்துக்கு ஒருவர்கூட உள்ளே போகாத காலம் அது. ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கு உதவித்தொகையே கொடுப்பதில்லை, ஆனால் இடம் கொடுக்கின்றன. அந்த வாசலின் மதிப்பு தெரிந்ததால்தான், ஆடவே தெரியாத பிள்ளைகளை வீரர்கள் என்று காட்டிப் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்த பெற்றோர்கள் 2019-இல் கைதானார்கள். லஞ்சம் கொடுத்தவர்களைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். பன்னிரண்டு வயதிலிருந்து விமானம் ஏற்றி, அகாடமியில் போட்டு, சட்டப்படி அதே வாசலை வாங்குகிறவர்களைப் பார்த்துக் கைதட்டுகிறோம். ஊரில் தகுதி, திறமை என்ற சொற்களைக் கேட்டால் கொதிக்கும் தமிழர்களே இங்கே மகனின் ஸ்டார்களை எண்ணிச் சொல்லும்போது அந்த இரண்டு சொற்களையும்தான் பயன்படுத்துகிறார்கள். நானும்தான். அண்ணனின் மகன் பயிற்சியாளர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலைத் திருத்திக் கொடுத்தது நான். 'கடின உழைப்பால் முன்னேறியவன்' என்ற வரி என் உபயம். பையன் உழைத்தான், அதில் பொய்யில்லை. ஆறு மணிக்கு வந்து நிற்பான், கை கொப்புளித்திருக்கும்.

இதையெல்லாம் போன கோடையில் அண்ணனிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாக இல்லை, கொஞ்சம் கோபமாக. நாலரைக் கணக்கைச் சொன்னேன், எவன்ஸைச் சொன்னேன், ஆசிரியை மகனைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். காபியை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். "நீங்க சொல்றது சரிதான் தம்பி. ஆனா நான் வரிசையில இருந்து நகர்ந்தா அந்த எடத்துக்கு அந்த டீச்சர் பையனா வரப்போறான்?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து போனை நீட்டினார். சின்ன மகன் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு, அவனுக்கும் ஒரு மின்னஞ்சல் தயார் செய்திருந்தார். இரண்டாவது பத்தியில் இலக்கணப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.